ஓட்டத்துக்கு முன்னால் ஒரு சுற்று

மதிவதனிக்கு ஓடத் தெரியும் என்பதை முதலில் கண்டுபிடித்தவை அடி அண்ணாமலைத் தெருநாய்கள். அடுத்துக் கண்டுபிடித்தவர் உடற்கல்வி ஆசிரியர் அறிவுமதி. கிரிவலப் பாதையில் மலையை வலப்பக்கம் வைத்தே ஓடிப் பழகியவளை, மைதானத்தில் இடப்பக்கமாகச் சுற்ற வைக்க அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. "சாமியை எதிர்ப்பக்கமா சுத்தற மாதிரி இருக்குது சார்" என்று ஒரு மாதம் சிணுங்கினாள். பிறகு பழகிவிட்டாள். பள்ளியில் அவளை முந்த ஆளில்லாமல் போயிற்று.

பத்தாவது பரீட்சை முடிந்ததும் விளையாட்டு விடுதிக்கான தேர்வு வந்தது. ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் முதலில் வரும் இரண்டு பேருக்கு இடம். சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் அங்கேயே. பதினொன்றாம் வகுப்புக்கு மட்டும்தான் எடுப்பார்கள். இந்த வருஷம் விட்டால் விட்டதுதான். விடுதி கிடைக்காவிட்டால் மகளை ஓட்டத்தை நிறுத்தச் சொல்லி, கீழ்பென்னாத்தூர் அத்தை வீட்டில் தங்கிப் படிக்க அனுப்பிவிடுவது என்று அப்பா மணிவேல் முடிவு செய்திருந்தார். அத்தை வீட்டில் கைக்குழந்தை இருந்தது. யார் தூக்கிக்கொண்டு அலையப் போகிறார்கள் என்பது மதிவதனிக்கு நன்றாகவே தெரியும்.

தேர்வு நாள் சித்ரா பௌர்ணமியில் விழுந்தது. அறிவுமதி சார் தலையில் கைவைத்துக்கொண்டார். மதிவதனியின் அம்மா அருணாதேவியோ கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பாத்தியாடி, சாமியே நாள் குறிச்சிருக்காரு! ஓடறதுக்கு முன்னால நீயும் நானும் ஒரு சுத்து சுத்திட்டுப் போறோம்னு வேண்டிக்கினேன்."

"அம்மா, பதினாலு கிலோமீட்டர்மா! ஓட்டத்துக்கு முன்னாடி கால் ரெஸ்ட்டுல இருக்கணும்னு சார் சொல்லியிருக்காரு."

"சாருக்கு இன்னா தெரியும்? நடந்தா கால் வலுவாவும். நேந்துக்கினு செய்யாம வுட்டா அதுதான் தப்பு."

நேர்ந்துகொண்டது என்று ஒரு சொல் விழுந்துவிட்டால் அந்த வீட்டில் அதற்கு மேல் மேல்முறையீடு கிடையாது. போகட்டும், ஓட்டம் மாலையில்தான், இருட்டோடு கிளம்பினால் வெயிலுக்கு முன் முடித்துவிடலாம் என்று மதிவதனி கணக்குப் போட்டாள். அதற்கும் வழியில்லாமல் போயிற்று. காலை டிபன் நேரம் கழிந்துதான் பௌர்ணமி பிறக்கிறதாம். அதற்கு முன்னால் நடப்பது வெறும் நடைதான், வலம் ஆகாது என்று அம்மா ராஜகோபுரத்துக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள். மகள் வெயில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஓட்டத்துக்கான ஷூ பைக்குள் இருந்தது. வலம் வரும்போது காலில் எதுவும் போடக் கூடாது.

திதி பிறந்ததும் நடந்தார்கள். ரமணாசிரமம் தாண்டும்வரை மர நிழல் இருந்தது. அதற்கப்புறம் தரை கொதித்தது. தண்ணீர் லாரி ஊற்றிவிட்டுப் போன ஈரம், பின்னால் வருகிறவர்கள் எட்டி வைப்பதற்குள் காய்ந்தது. கூட்டத்தில் நின்று காலை மாற்றி வைக்கக்கூட இடமில்லை.

பாதி வழியில் அவர்கள் வீடே வந்தது. வாசலில் சுக்குக் காபி விற்றுக்கொண்டிருந்த அப்பா மகளின் முகத்தைப் பார்த்தார். "இன்னாம்மா இப்படி சிவந்து கெடக்குற? உள்ள வந்து ஃபேனுக்கு அடியில கொஞ்சம் குந்து."

"பாதியில வீட்டுக்குள்ள நுழையக் கூடாதுங்க" என்றாள் அம்மா.

"ஆட்டோவுலயாவது ஏத்தி அனுப்பு."

சொன்ன பிறகுதான் போலீஸ் எல்லா ஆட்டோவையும் ஊருக்கு வெளியே நிறுத்தியிருப்பது அவருக்கு நினைவு வந்தது. தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்தார். திறந்திருந்த கதவு வழியாக ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே மதிவதனி தன் வீட்டைக் கடந்து போனாள்.

குபேர லிங்கத்தில் வரிசை பாம்பாக வளைந்து கிடந்தது. பணம் கேட்கிறவர்கள் கூட்டம் என்றைக்குக் குறைந்திருக்கிறது? "நமக்குப் பணமா வேணும், வெளியில நின்னு கும்பிட்டுப் போலாம்மா" என்று கெஞ்சினாள். வழியிலுள்ள எட்டு லிங்கத்தில் ஒன்றை விட்டால் சுற்றே வீண் என்று அம்மா வரிசையில் நின்றாள். அங்கே நின்றபோதுதான் மதிவதனிக்கு உள்ளங்காலில் தோல் கிளம்பி நீர் கோத்திருப்பது தெரிந்தது. அழுகை முட்டியது. யார்மேல் கோபப்படுவது? அம்மா மேலா, மலை மேலா?

மைதானத்துக்கு ஓட்டமும் நடையுமாகத்தான் போய்ச் சேர்ந்தார்கள். பெயர் கூப்பிட்டாயிற்று. அறிவுமதி சார் அதிகாரிகளிடம் கையெடுத்துக் கும்பிட்டு அவளை வரிசையில் நிறுத்தினார். அவசரமாக ஷூவுக்குள் காலைத் திணித்துக்கொண்டாள்.

முதல் இரண்டு சுற்று அவள்தான் முன்னால். சார் கூரைமேல் ஏறாத குறையாகக் கத்தினார். மூன்றாவது சுற்றின் வளைவில் வலது காலில் ஏதோ பிய்ந்து ஈரமானது. மூச்சு இருந்தது, தெம்பு இருந்தது. கால்தான் தரையில் ஊன்ற மறுத்தது. ஒருத்தி தாண்டினாள். இன்னொருத்தி தாண்டினாள். மூன்றாவது ஒருத்தி தாண்டியபோது மதிவதனி வாய்விட்டு அழுதுகொண்டே ஓடினாள். அப்படியே ஓடி முடித்தாள்.

சார் ஷூவைக் கழற்றிப் பார்த்தார். "இன்னா பண்ணி வச்சிருக்க?"

"காலைல வெறுங்கால்ல ஓடிப் பாத்தேன் சார்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "உன்கிட்ட எத்தனை தடவ சொன்னேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுபடி ஷூவை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். கேட் பக்கம் அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மகளின் முகமே சொல்லிவிட்டது. அம்மா அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"சுத்தும்போது மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினே வந்தியே. மனசுல முணுமுணுத்தியா?"

மதிவதனிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஷூவைக் கழற்றிக் காலை அம்மாவின் மடியில் வைத்தால் போதும், வேறு பதிலே தேவையில்லை. கை ஷூ நாடாவரைக்கும் போய்விட்டது. அப்போதுதான் நீட்டியிருந்த அம்மாவின் கால்களைப் பார்த்தாள். இரண்டு உள்ளங்காலும் கொப்புளம் உடைந்து புண்ணாகியிருந்தன. அம்மா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"ஆமாம்மா" என்றாள். "முணுமுணுத்துக்கினேதான் வந்தேன்."

காரணம் கிடைத்துவிட்டதில் அம்மாவின் முகம் தெளிந்தது. மகளின் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"சரி வுடு. அடுத்த பௌர்ணமிக்கு மனசார சுத்து. அவரு வேற வழி காட்டாமலா போயிடுவாரு?"

அடுத்த பௌர்ணமிக்குள் கீழ்பென்னாத்தூர் போயாக வேண்டும் என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

"சரிம்மா" என்றாள் மதிவதனி.