நூற்று நாற்பத்து மூன்று புத்தகங்களின் பட்டியல்

1. இரண்டு மேசைகள்

யோகேஸ்வரி எங்கள் நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்குப் பதினேழு வருடமும் நாலு மாதமும் சேவை முடிந்திருந்தது. அவருக்கு ஒரு நாள். அன்று காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அவருடைய மேசைக்கு இருபத்து மூன்று வாசகர்கள் போனார்கள். என் மேசைக்கு நாலு பேர். அதில் இரண்டு பேர் நேரம் கேட்க வந்தவர்கள்.

நூலகம் குருக்கள்மடத்துக்குத் தெற்கே, பிரதான வீதிக்குக் கடல் பக்கமாக இருந்தது. பிரதேச சபைக்குச் சொந்தமானது. 6,412 புத்தகங்கள், பதினொரு அலமாரிகள். வருடாந்த இருப்புக் கணக்கெடுப்பில் மூன்று புத்தகத்துக்கு மேல் குறைய நான் விட்டதில்லை. அரிய புத்தகங்கள் 212ஐ இரவல் தராத உசாத்துணைப் பகுதி என்று தனி அலமாரியில் பூட்டி, திறப்பை என்னிடமே வைத்திருந்தேன். எடுத்துப் பார்க்கக் கேட்டவர்களுக்கும் நாளைக்கு வாருங்கள் என்றே சொன்னேன்.

யோகேஸ்வரி சனிக்கிழமைகளில் நூலக விஞ்ஞான டிப்ளோமா படிக்க மட்டக்களப்புக்குப் பஸ் ஏறினார். எழுபத்தெட்டுச் சனிக்கிழமைகள். திங்கட்கிழமை வந்து, சிறுவர் புத்தகங்களைக் கீழ்த்தட்டுக்கு இறக்க வேண்டும், பகுப்பு எண்ணை வாசகர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஒட்ட வேண்டும் என்பார். சொன்னது எல்லாம் சரியாக இருந்தது; அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதே படிப்புக்கான படிவம் ஒன்றை நானும் எடுத்து வந்தேன். நாற்பத்தெட்டு வயதில் அவருக்குப் பின்வரிசையில் இருந்து படிப்பதா என்று நிரப்பாமல் விட்டேன்.

2004 முடிவில் பிரதான நூலகர் ஓய்வு பெற இருந்தார். சபைக்குக் கீழே நாலு நூலகங்கள், அந்தப் பதவி ஒன்று. சேவைக்காலப்படி எனக்கு வரவேண்டும், டிப்ளோமாப்படி அவருக்கு. நேர்முகப் பரீட்சை ஜனவரியில் என்றார்கள்.

2. பெட்டிசம்

சபை எல்லைக்குள் வசிப்பவருக்கே அங்கத்துவம் என்பது சட்டம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை வேறு சபைக்குரியது. அப்போது புலிகள் இயக்கத்தின் கட்டுப்பாட்டிலும் இருந்தது. பழுகாமம் பக்கத்திலிருந்து மாணவர்கள் இரு தரப்புச் சோதனைச் சாவடிகளையும் தாண்டி வந்து கேட்டால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். யோகேஸ்வரி தானே பிணைக் கையெழுத்து வைத்து அவர்களுக்குப் புத்தகம் கொடுத்தார்.

"பிள்ளை, இது சட்டத்துக்கு மாறு" என்றேன்.

"அந்தப் புள்ளைகள் ரெண்டு சென்றி தாண்டிப் புத்தகம் கேட்டு வருதுகள் சேர். நாம மூண்டாவது சென்றியா?"

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் பட்டியல் எடுத்தேன். அவர் சாப்பிடப் போகும் நேரத்தில், ஒன்பது மத்தியானம் இருந்து, எல்லைக்கு வெளியே போன புத்தகங்கள் அத்தனையையும் எழுதினேன். சேர்க்கை இலக்கம், பகுப்பு எண், தலைப்பு, எடுத்தவரின் பெயர், ஊர், வீட்டு அடையாளம், திகதி. மொத்தம் 143. பெயர் போடாமல் சபைச் செயலாளருக்குப் பெட்டிசமாக, புகார் மனுவாக, அனுப்பினேன். அது டிசம்பர் நடுப்பகுதி.

3. அலைக்குப் பிறகு

சுனாமி வந்த அன்று பௌர்ணமிப் போயா விடுமுறை. நூலகத்தில் ஒருவரும் இருக்கவில்லை. நாலாம் நாள் போய்ப் பார்த்தேன். பதினொரு அலமாரிகளில் இரண்டு மட்டும் வெறுமையாக நின்றன. பட்டியல் அட்டைப் பெட்டி, சேர்க்கைப் பதிவேடு, இரவல் அட்டைகள் எதுவும் இல்லை. என் பூட்டிய அலமாரி மட்டும் பூட்டியபடியே கவிழ்ந்து கிடந்தது. திறந்தால் 212 புத்தகமும் ஒரே களியாக இருந்தது. இறந்த அங்கத்தவர்களை எண்ணத் தொடங்கிப் பன்னிரண்டில் நிறுத்திவிட்டேன்.

சபைக் கந்தோர்க் கட்டடம் பிரதான வீதிக்கு வாவிப் பக்கம் இருந்ததால் தப்பியது. பத்து நாள் கழித்து, அகதி முகாமாக இருந்த பள்ளிக்கூட வாசலில் யோகேஸ்வரி என்னைப் பிடித்தார். கையில் ஒரு ஃபைல்.

"செயலாளர்ட ஃபைலுக்குள்ள ஒரு பெட்டிசம் கிடந்திச்சு சேர். பேர் போடல்ல. எழுதின ஆள் கெட்டிக்காரன். நூத்தி நாப்பத்தி மூண்டு புத்தகம், ஒரு நம்பர் பிழைக்கல்ல."

"அப்படியா?"

"ஆரெண்டு தெரியுமா ஒங்களுக்கு?"

"ஊரில எத்தினை பேர் இருக்காங்க, பிள்ளை."

"ஊரில நாலாயிரம் பேர் இரிக்காங்க. பகுப்பு எண்ணும் போட்டுப் பெட்டிசம் எழுதுற ஆக்கள் எத்தினை பேர் சேர்?"

நான் முகாமின் தண்ணீர்த் தாங்கியைப் பார்த்தேன். அவர் ஃபைலை என் கையில் வைத்தார்.

"எங்களிட்ட இரிக்கிற ஒரே ரெக்கோட் இதுதான். நாளைக்குப் பழுகாமம் போறன். நீங்களும் வாங்க. லிஸ்ட வாசிச்சுச் சொல்ல ஆள் வேணும்."

4. பாலத்துக்கு அப்பால்

வாவியைக் கடக்கும் பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டி முதல் வீட்டில் ஒரு விவசாயி. அவருடைய மகள் ஏழு புத்தகம் எடுத்திருந்தாள். அவற்றைப் பசளைப் பையில் சுற்றி, நெல் மூட்டைக்கு மேலே வைத்திருந்தார்கள்.

"கேட்டு வருவாங்க எண்டு மகள் சொன்னவ" என்றார் அவர். "வட்டை வயலுக்குப் போறண்டாலும் இத ஒருக்காத் தடவிப் பாத்திட்டுத்தான் போற. நீங்க ஆரு ஐயா?"

"நூலகத்தில் வேலை."

"ஓ! எல்லைக்கு வெளிய போ எண்டு எங்கட புள்ளையத் திருப்பி அனுப்பின ஐயா நீங்களா? இருங்ககா, தேத்தண்ணி குடிங்க. இப்ப நீங்க எல்லைக்கு வெளியதானே வந்திரிக்கீங்க."

யோகேஸ்வரி சிரிப்பை அடக்கக் குனிந்து புத்தகங்களை எண்ணினார். அவர் எண்ணிய ஏழை நான் திரும்பவும் எண்ணினேன்.

ஐந்து பயணத்தில் 131 புத்தகம் வந்து சேர்ந்தது. தறப்பாள் கூடாரத்தில் நூலகம் மறுபடி திறந்தபோது எங்களிடம் இருந்தது அவ்வளவுதான். நான் காத்தவற்றில் ஒன்றும் இல்லை. அவர் சட்டத்தை மீறிக் கொடுத்தவைதான் மிஞ்சின. பார்க்க வந்தவர்கள் எல்லாம் அவரைப் பாராட்டினார்கள். அவர் பெயரை என் முன்னால் சொன்னவர்களை நான் பத்தொன்பது வரை எண்ணினேன்.

5. நேர்முகம்

அனர்த்தத்தில் நின்றுபோன நேர்முகப் பரீட்சை, யுத்தம் முடிந்த வருடத்தில்தான் நடந்தது. அதற்குள் செயலாளர் மாறிவிட்டார். பெட்டிசத்தின் கதை எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

யோகேஸ்வரி முதலில் உள்ளே போய் வந்தார்.

"லிஸ்ட் ஒங்கட எண்டு சொல்லிப்போட்டன் சேர்."

"பெட்டிசம் எண்டுமா?"

"அத நான் ஏன் சொல்ற?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இந்தப் பெருந்தன்மையிலும் அவரே முந்திவிட்டார் என்ற எரிச்சலோடு உள்ளே போனேன்.

மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் கேட்டார்: "சுனாமிக்கு முந்தியே பட்டியல் எடுத்து வேற கட்டடத்தில வச்சது நீங்கதானா? நல்ல தூரநோக்கு. எப்படித் தோணிச்சு?"

பதவி என் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. "பாதுகாப்புக்குத்தான் சேர்" என்றேன்.

"நல்லது. ஆறாயிரத்துச் சொச்சம் புத்தகத்தில இந்த நூத்தி நாப்பத்தி மூண்டுக்கு மட்டும் என்ன பாதுகாப்பு?"

மேசையில் இருந்த பேனாக்களை எண்ணினேன். மூன்று.

"மற்றது எனக்குத் தேவைப்படல்ல சேர்."

அவர் பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். பதினோராம் நாள் கடிதம் வந்தது. பதவி யோகேஸ்வரிக்கு.

ஓய்வு பெறும்வரை ஆறு வருடமும் இரண்டு மாதமும் அவருக்குக் கீழே வேலை செய்தேன். அவர் எனக்குத் தந்த முதல் வேலை, புதிய சேர்க்கைப் பதிவேடு முழுவதையும் கணினியில் ஏற்றுவது. ஐம்பத்து நாலு வயதில் விசைப்பலகையில் எழுத்துத் தேடினேன். பிழை விட்டால் அவர் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து திருத்துவார். பதினாலு மாதத்தில் முடித்தேன். பிரதி ஒன்று நூலகத்தில், ஒன்று சபையில், ஒன்று பழுகாமத்தில்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. அவர் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்கப் பார்க்க அது இன்னும் கூடியது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். பதிவேட்டுக்குப் பிரதி எடுங்கள். அதை வேறு கட்டடத்தில் வையுங்கள். எடுத்தால் முழுவதையும் எடுங்கள். ஏன் எடுத்தீர்கள் என்று ஒரு நாள் கேட்பார்கள்.