நடுக்கோட்டைத் தாண்டாத ஆட்டம்

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் உடற்கல்வி வரலாறு நடத்துகிறேன். மாணவர்களுக்குப் பிடிக்காத தாள் அது. வெயிலில் ஓடச் சொன்னால் ஓடுவார்கள். ஜெர்மனி, ஸ்வீடன், அமெரிக்கா என்று உட்கார்ந்து படிக்கச் சொன்னால் கண் சொருகிவிடும். அமெரிக்கப் பாடத்தில் ஓரிடத்தில் மட்டும் விழித்துக்கொள்வார்கள். பனிக்காலத்தில் வெளியே போக முடியாத பையன்களுக்காக ஓர் ஆசிரியர் பழக்கூடையை உயரத்தில் அடித்துக் கூடைப்பந்தை உண்டாக்கினார். சீக்கிரமே அது பெண்கள் கல்லூரிகளுக்கும் போனது. போனதும் விதியை மாற்றினார்கள். களத்தை மூன்றாகப் பிரித்துக் கோடு போட்டு, எந்தப் பெண்ணும் தன் பகுதியை விட்டு வெளியே ஓடக் கூடாது என்றார்கள். பெண்ணுடம்பு அவ்வளவு ஓட்டத்தைத் தாங்காதாம்.

சில வருடங்களுக்கு முன் இதைச் சொன்னபோது முன்வரிசையில் இருந்த ஒரு பெண் சத்தமாகச் சிரித்தாள்.

"பந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் போச்சுன்னா பாத்துக்கிட்டே நிக்கணுமா டீச்சர்?"

"நிக்கணும்."

"கூறுகெட்டவளுவ."

வகுப்பே சிரித்தது. விதியை மாற்றி எழுதியதும் ஒரு பெண் ஆசிரியர்தான் என்றேன். அவள் நம்பவில்லை.

அவள் கல்லிடைக்குறிச்சிப் பெண். அப்பா அரசு பஸ் டிரைவர், பாபநாசம் வண்டி. பல நாள் அவர் ஓட்டும் பஸ்ஸிலேயே கல்லூரிக்கு வருவாள். குள்ளமான உருவம். பந்தைத் தரையோடு தரையாகத் தட்டிக்கொண்டு, உயரமான பெண்களின் இடுப்புக்குக் கீழே புகுந்து போய்விடுவாள். எங்கள் அணியில் பந்தை முன்னால் கொண்டுபோகும் வேலை அவளுடையது.

பிப்ரவரியில் துறைகளுக்கு இடையிலான போட்டி. சாயங்காலம்தான், ஆனாலும் சிமெண்ட் தரை கொதித்தது. அவள் தன் பக்கத்து வளையத்தடியில் பந்தைப் பிடித்து எதிர் வளையம் வரை ஒரே ஓட்டமாகப் போனாள். எல்லோரும் கத்தினார்கள். பந்தை எறியவில்லை. நின்று, இரண்டு கையாலும் பந்தைத் தரையில் பைய வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே சரிந்தாள். எல்லோரும் கால் பிசகிவிட்டது என்றுதான் நினைத்தோம். நான் போய்த் திருப்பியபோது கண் திறந்திருந்தது. மூச்சில்லை.

மார்பை அழுத்தத் தொடங்கினேன். வருடா வருடம் முதலுதவி வகுப்பில் ரப்பர் பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுப்பதுதான். பொம்மைக்கு வியர்க்காது. அவள் பனியன் நனைந்து என் கை வழுக்கியது. ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தவில்லை. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் அவர்களும் வெகுநேரம் பார்த்தார்கள். பிறகு டாக்டர் வெளியே வந்து என்னை உட்காரச் சொன்னார்.

அவள் அப்பாவுக்குச் சேரன்மகாதேவியில் தகவல் போயிருக்கிறது. வண்டியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுக் காக்கிச் சட்டையோடு வந்து நின்றார்.

"காலையில எங்கூடத்தான வந்தா," என்றார். "பின்னால சீட்டுல இருந்தா. கண்ணாடில பாத்தேனே."

மறுநாள் அந்த வீட்டுக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அவளுடைய அத்தை எழுந்து வந்தாள். "பொட்டப்புள்ளைய வெயில்ல ஓட விட்டுக் கொன்னுட்டு இங்கன எதுக்கு வாறிய?" என்றாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. இறந்தவளின் அம்மா என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. நான் சுவரோரமாக, எடுக்கும்வரை நின்றிருந்தேன்.

பிறவியிலேயே இதயத் தசை தடித்திருந்தது என்று பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது. டாக்டரை நானே போய்ப் பார்த்தேன். ஆண் பெண் என்றில்லை, முன்னமே ஈசிஜி எடுத்திருந்தால் ஒருவேளை தெரிந்திருக்கும் என்றார். அதைத்தான் கல்லூரிக் கூட்டத்தில் சொன்னேன். மைதானத்தில் இறங்கும் எல்லோருக்கும் பரிசோதனை செய்துவிடுவோம், பையன்களுக்கும் சேர்த்து.

"பையன்களுக்கு எதுக்கு மேடம்?" என்றார் முதல்வர். "பொண்ணுங்களுக்கு இனி கூடைப்பந்தே வேண்டாம். யோகா இருக்கு, கேரம் இருக்கு."

பெற்றோர்கள் போன் பண்ணிக்கொண்டே இருந்தார்கள். முதல்வர் மேலேயும் முழுத் தப்பு சொல்ல முடியாது. அன்று வெளியே பையன்கள் கால்பந்து ஆடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் வாதாடிப் பார்த்தேன். தலைகள் அசையவில்லை. கடைசியில் என் வாயிலிருந்துதான் அது வந்தது. களத்தைப் பாதியாகப் பிரித்துவிடலாம், யாரும் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டாம், ஓட்டம் பாதியாகக் குறையும், ஆட்டமாவது மிஞ்சும் என்றேன். முதல்வர் யோசித்துவிட்டு, "எழுதிக் குடுங்க," என்றார். எழுதிக் கொடுத்தேன். ஆறு பேர் அணி; மூவர் இந்தப் பக்கம், மூவர் அந்தப் பக்கம். எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. அமெரிக்காவிலும் மூன்று பகுதியைப் பிற்பாடு இரண்டாக்கியிருந்தார்கள்; எல்லாம் நான் நடத்தும் பாடத்தில் இருந்தது.

மறுவாரம் புது விதிப்படி ஆடினார்கள். பந்து கோட்டைத் தாண்டி உருண்டால் பெண்கள் சட்டென்று நின்று, கை இரண்டையும் தொங்கவிட்டுக் காத்திருந்தார்கள். நான்தான் நடுவர். தெரியாமல் கோட்டை மிதித்தவளுக்கு விசில் ஊதினேன். பல்கலைக்கழகப் போட்டியில் முழுக் களத்தில் ஆட வேண்டியிருந்தது. இரண்டாவது கால்பகுதியிலேயே எங்கள் பெண்களுக்கு மூச்சு வாங்கியது. அழுதுகொண்டே தோற்றார்கள். அடுத்த வருடம் அணியே அனுப்பவில்லை. நன்றாக ஆடக்கூடிய இருவர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார்கள்.

அமெரிக்கப் பாடத்தை இப்போதும் நடத்துகிறேன். யாரும் சிரிப்பதில்லை. "அவிய ஏன் டீச்சர் ஒத்துக்கிட்டாவ?" என்று போன வருடம் ஒருத்தி கேட்டாள். ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆட்டமே இருந்திருக்காது என்று சிலர் நினைத்திருக்கலாம் என்றேன். பெண்களுக்குப் போட்டியே கூடாது என்று மனதார நம்பிய ஆசிரியைகளும் அங்கே இருந்தார்கள். அதையும் சொன்னேன். பல பத்தாண்டுகள் அந்தக் கோடுகள் அழியவில்லை என்பதைச் சொல்லும்போது மணி அடித்துவிட்டது.

சில மாதங்களுக்கு முன் ஒரு கல்யாணத்துக்கு அம்பாசமுத்திரம் போனேன். பஸ் நின்றதும் டிரைவர் திரும்பிப் பார்த்தார். அவள் அப்பாதான். இறங்கி ஜன்னலோரம் வந்தார்.

"சொகமா இருக்கியளா டீச்சர்? புள்ளைய இப்பம் ஆடுதாளுவளா?"

"ஆடுதாங்க அண்ணாச்சி. பாதிக் கோர்ட்லதான்."

அவருக்குப் புரியவில்லை. விளக்கினேன்.

"எம்மவளாலயா?"

"அவளக் காரணம் சொல்லுதாங்க."

"அவ ஓடுனதுனால ஒண்ணும் சாவலயே. பொறந்ததுலேர்ந்தே இருந்துச்சுன்னு டாக்டர் எங்கிட்டயும்தான சொன்னாவ. அவ பேரச் சொல்லி மத்த புள்ளையள எதுக்குக் கட்டிப் போடுதாவ? நான் வந்து சொல்லுதேன்."

சொன்னபடி வந்தார். முதல்வர் எழுந்து நின்று வரவேற்றார், டீ வரவழைத்தார், அவர் பேசியதை முழுக்கக் கேட்டார். "உங்க மனசு பெருசு. ஆனா இன்னொரு அப்பாவுக்கு இப்படி ஆச்சுன்னா நான் என்ன பதில் சொல்வேன்?" என்றார். அவள் அப்பா எழுந்தார். டம்ளரை மேசையில் வைத்துவிட்டுக் கும்பிட்டு வெளியே வந்தார்.

மைதானத்தில் பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். "பாத்துட்டுப் போறீங்களா அண்ணாச்சி?" என்றேன்.

"வேண்டாம் டீச்சர்," என்றார். கல்லூரி கேட்டுக்கு நேர் வழி மைதானத்தை ஒட்டித்தான் போகிறது. அவர் விடுதிக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போனார்.