கீழ்க்கட்டளையின் கடைசிக் கைமா பர்கர்

ஜூன் இரண்டாம் சனிக்கிழமை, காலை 11.35. மேற்குத் தாம்பரத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். கீழ்க்கட்டளையில் பர்கர் கடை வைத்திருக்கும் சலீம் பாய் முந்தின நாள் தொலைபேசியில் சொல்லியிருந்தார்: "சார், நாளைக்கு வந்துருங்க. ஞாயித்துக்கிழமைலேந்து கம்பெனி கட்லெட்தான். நாங்க பண்றத நிறுத்துறோம்."

அவர் மனைவி நூர்ஜஹான் ஆட்டுக்கறிக் கைமாவில் கையால் தட்டும் கட்லெட்டுக்காகவே அங்கே போகிறவன் நான். அது முடியப்போகிறது என்றால், எதனிடம் தோற்றது என்றும் பார்த்துவிட வேண்டும். அதனால் முதலில் தாம்பரத்திலேயே ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள பெரிய நிறுவனத்தின் பர்கர் கடைக்குப் போனேன்.

11.55. கதவைத் திறந்ததும் குளிர். என்ன வேண்டும் என்று ஆள் யாரும் கேட்கவில்லை. திரையைத் தொட்டு நானே கேட்டுக்கொண்டேன். கோழி பர்கர் 199 ரூபாய், வரி தனி. நான்கு நிமிடத்தில் என் எண் வந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. மேசை சுத்தம், கழிப்பறை சுத்தம், எழுந்து போ என்று எவரும் பார்க்கவில்லை. பக்கத்து மேசையில் ஒரு சிறுமி, "வேளச்சேரில சாப்ட்ட அதே டேஸ்ட்மா!" என்றாள்.

"அதுக்குத்தானடி இங்க வர்றோம்" என்றாள் அம்மா.

12.40. தாம்பரத்தில் மின்ரயில் ஏறினேன். பல்லாவரத்துக்கு ஐந்து ரூபாய், மூன்றாவது நிறுத்தம். அங்கிருந்து கீழ்க்கட்டளைக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய், சுமார் நான்கு கிலோமீட்டர். பெரிய ஏரியை இரண்டாக வெட்டிப் போகும் சாலையில் வண்டி ஊர்ந்தது. எங்கே போகிறேன் என்று ஓட்டுநர் கேட்டார். சொன்னேன்.

"இன்னா சார், பன்னுல கறிய வச்சா பர்கர். அதுக்கு தாம்பரத்துலேந்து வந்துகினு கீறியா? வெயில்ல பேஜார் சார்!"

பின்னால் இருந்த பெண்மணி சிரித்தார். நானும் சிரித்தேன்.

1.25. சலீம் பாயின் கடை பத்தடிக்கு எட்டடி. முன்பு செல்போன் ரீசார்ஜ் கடையாக இருந்த இடம். வெளியே நான்கு பிளாஸ்டிக் நாற்காலி. உள்ளே, கம்பெனியிலிருந்து உறையவைத்து வரும் கட்லெட்டை வைக்கப் புத்தம்புது ஃப்ரீசர் பெட்டி, அட்டையைக்கூடப் பிரிக்காமல், பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. பர்கர் 120 ரூபாய். வேகவைத்த கடலைப்பருப்பும் புதினாவும் சேர்த்து அரைத்த கைமாவை நூர்ஜஹான் உள்ளங்கையில் தட்டித் தோசைக்கல்லில் போட்டார். வெந்ததும் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தார். பிறகுதான் பன்னுக்குள் வைத்தார்.

"ஏன் பாய் நிறுத்துறீங்க?"

"ஆப்ல ரேட்டிங் விழுந்துடுச்சு சார். ஒரு நாள் இருக்குற ருசி மறுநாள் இல்லேன்றாங்க. ஆர்டர் பாதியாயிடுச்சு." செல்போனைத் திறந்து, சேமித்துவைத்திருந்த விமர்சனங்களைக் காட்டினார். "சும்மா திட்டுறவன விடுங்க. நீங்க எழுதினதுதான் கரெக்டு. தேதி போட்டு எழுதிருந்தீங்க. அத நாலு பேரு பிடிச்சுக்கிட்டு அதே மாதிரி எழுதினாங்க."

நான் எழுதியதுதான். பிப்ரவரி 8: உப்பு அளவு, அருமை. மார்ச் 8: உப்பு குறைவு. மார்ச் 15: உப்பு கூடுதல், காரம் இல்லை. சுவையில் நிலைத்தன்மை வேண்டும். மூன்று நட்சத்திரம். எழுதிய அன்று எனக்குத் திருப்தியாக இருந்தது.

நூர்ஜஹான் அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னார்: "மார்ச்சு நோன்பு மாசம் சார். நோன்பு வாயோட எப்படி ருசி பாக்குறது? கண்ணால பாத்துத்தான் உப்புப் போட்டேன். இவரும் நோன்பு. கேக்குறதுக்கு ஆளே இல்ல."

தேதியை மட்டும் எழுதி, அது நோன்பு மாதமா என்று பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

"அன்னிக்கே சொல்லிருக்கலாமே, அக்கா?"

"சாப்புட வர்றவங்ககிட்ட நோன்ப சொல்லி மன்னிப்புக் கேப்பாங்களா?"

"நான் அத எடுத்துடுறேன் பாய்" என்றேன். அங்கேயே அழித்தேன். இரண்டு முறை தொட்டால் போதும்.

"எடுத்தா மட்டும் என்ன சார்? பெட்டி வந்துடுச்சு. தினமும் ஒரே ருசி இருக்கும்னு கம்பெனிக்காரர் எழுதியே குடுத்துட்டார்." அவர் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

2.10. சாப்பிட்டேன். ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் ஈரம், புதினா மேலே வந்தது. சாப்பிட்டதும் குறித்துவைக்கும் நோட்டை இன்று திறக்கவில்லை.

"இன்னிக்கு உப்பு சரியா இருக்கா சார்?" என்று நூர்ஜஹான் கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"சரியா இருக்கு, அக்கா."

தலையாட்டிவிட்டு, அடுத்ததைக் கல்லில் போட்டார்.

3.05. பல்லாவரம் நடைமேடை. தாம்பரத்துக் கடையில் நோன்பு பிடிப்பவர் இருக்கலாம், அழுதுவிட்டு வேலைக்கு வந்தவர் இருக்கலாம். பர்கரில் அது தெரியவே தெரியாது. அந்தச் சிறுமியின் அம்மா பணம் கொடுப்பது அதற்குத்தான். நான் மூன்று நட்சத்திரம் போட்டு, கீழ்க்கட்டளையிலும் அதையே கேட்டிருக்கிறேன். நாளை முதல் கிடைக்கும்.