காப்பு கட்டிய ஊரில் மினதி ஊற்றிய தண்ணீர்

மாரியம்மன் நோம்பித் திருவிழாவில் கோயில் முன் நடும் கம்பத்துக்குப் பெண்கள் தண்ணீர் ஊற்றுவதைப் பார்க்க வேண்டும் என்று மூன்று வருடமாகச் சுதாவை நச்சரித்துக்கொண்டிருந்தேன். கல்லூரித் தோழி. வெள்ளகோவிலிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்தில் விசைத்தறிக் கூடம் நடத்துகிறாள். இந்தப் பங்குனியில் அவளே கூப்பிட்டாள். "வேடிக்கை பாக்க வராத. கூட நிக்க வா" என்றாள்.

விஷயம் இதுதான். அவளிடம் தறி ஓட்டும் ஒடிசாக்காரர் பிரதீப், காய்ச்சலில் கிடந்த மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்திருக்கிறார். வாட்ஸப் புரளியை நம்பி, பிள்ளை பிடிக்கிறவன் என்று நான்கு பேர் வழிமறித்து அடித்திருக்கிறார்கள். "எங்கப்பாங்க, அடிக்காதீங்க" என்று அந்த ஆறு வயதுக் குழந்தை தமிழில் அழுதும் விடவில்லை. தப்பு தெரிந்த பிறகாவது மன்னிப்புக் கேட்டார்களா? சனிக்கிழமைக்குள் குடும்பத்தோடு ஊரைக் காலி செய் என்றார்களாம். எனக்கு ரத்தம் கொதித்தது. வெட்கமாகவும் இருந்தது. ஆபீஸ் கேண்டீனில் 'வடக்கன்' ஜோக்குக்குச் சிரித்தவள்தானே நானும்.

சனிக்கிழமை காலை நாலரைக்குச் சரவணம்பட்டியில் ஆட்டோ பிடித்தேன். சிங்காநல்லூருக்கு 250 ரூபாய், பேரம் பேசியும். ஐந்தேகாலுக்குக் கரூர் பஸ். பல்லடம், காங்கேயம் வழியாகச் சுமார் எண்பது கிலோமீட்டர், டிக்கெட் எழுபது ரூபாய். இடது பக்க ஜன்னலில் உட்காராதீர்கள், வெயில் மூஞ்சியில் அடிக்கும்.

"நோம்பிக்குங்களா அம்மணி?" என்றார் கண்டக்டர். "காப்பு எப்பக் கட்டுனாங்க?"

"நேத்து ராத்திரிங்க."

"அப்பத் தப்பிச்சுப்போட்டீங்க. காப்புக் கட்டயில ஊருக்குள்ள இருந்தா, நோம்பி முடியற மட்டும் எங்க போனாலும் ராத்திரிக்கு ஊரு திரும்போணுமுங்க. ஆத்தா கணக்கு."

ஏழரைக்கு வெள்ளகோவிலில் இறங்கினேன். சுதா ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டாள். போலீசில் புகார் கொடுத்தாகிவிட்டது. பார்த்தவர்கள் பலர், ஆரம்பத்தில் சாட்சி சொல்லத்தான் ஆளில்லை. பிரதீப்புக்குப் பக்கத்துத் தறி ஓட்டும் செல்வி முதலில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், பிறகு மொத்தக் கூடமும். ஆனாலும் பிரதீப் பயந்துபோயிருந்தார். மதியம் இரண்டு மணிக்கு ஈரோட்டில் ரயில். லைன் வீட்டு வாசலில் மூட்டைகள் கட்டித் தயாராக இருந்தன. அவர் மனைவி மினதி மட்டும் மஞ்சள் கரைத்த குடத்தோடு நின்றாள். "ஒருவாட்டி ஊத்திப்போட்டு வாரேனுங்க" என்றாள்.

கோயில் முன்னால் மூன்று கிளைக் கம்பம், வேப்பிலை, ஈரச் சேலைகளோடு வரிசை. மினதியின் முறை வந்ததும் ஒருவர் குறுக்கே வந்தார். அடித்தவர்களில் ஒருவனின் அப்பா.

"ஊர்க்காரங்க மட்டும்தானுங்க ஊத்தற மொறை."

வரிசை அப்படியே நின்றது. மினதி குடத்தை இறக்கப் போனாள். செல்வி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, நேத்துக் காப்புக் கட்டயில இந்தப் புள்ள எங்கீங்க இருந்துச்சு?"

"இங்கதான்..."

"அப்ப ஊர்க்காரிதானுங்க. எங்க தெருக்காரங்களையும் ஒரு காலத்துல இப்படித்தான் எட்ட நிறுத்துனீங்க. நாங்க ஊத்தலீங்களா? கொஞ்சம் தள்ளிக்குங்க."

இவ்வளவு மரியாதையாக ஒருவரை மிரட்டி நான் பார்த்ததில்லை. அவர் பூசாரியைப் பார்த்தார். பூசாரி, "காப்புக்குள்ள வந்தவங்க ஆத்தா புள்ளைங்கதானுங்க" என்றார். வரிசையிலிருந்த பெண்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்து மினதியைச் சுற்றி நின்றார்கள். நானும் போய் நின்றேன். அந்த ஆள் ஒதுங்கிப் போனார். மினதி ஊற்றினாள். மகளும் ஒரு சொம்பு ஊற்றினாள்.

திரும்பி வந்ததும் பிரதீப் மணி பார்த்தார். "ஈரோடு போக நேரமாச்சு."

"காப்புக்குள்ள எங்கீங்க போறது?" என்றாள் மினதி. மூட்டையை அவிழ்த்து அரிசிப் பானையை வெளியே எடுத்தாள். பிரதீப் அடுப்பைத் தூக்கி உள்ளே வைத்தார்.

போக நினைப்பவர்களுக்கு: காலை எட்டுக்குள் போய்விடுங்கள், பருத்திச் சேலை கட்டுங்கள், எப்படியும் நனைவீர்கள். கடைசி டவுன் பஸ்ஸை நம்பாதீர்கள். வாட்ஸப்பையும். கம்பத்தடியில் மினதியைப் பார்த்தால் எந்த ஊர் என்று தாராளமாகக் கேளுங்கள். இதே ஊருதானுங்க என்பாள். அதோடு விட்டுவிடுங்கள், பின்னால் செல்வி நிற்பாள்.