பின்வாசல் அடுப்பில் இரண்டு மணி நேரம்

சரஸ்வதியின் கழுத்தில் கட்டி இருப்பதை முதலில் காட்டிக் கொடுத்தது அவளுடைய தாலிச் சங்கிலி. குளித்துவிட்டு வந்து சங்கிலியைச் சரிசெய்தபோது இடப்பக்கம் ஓரிடத்தில் தட்டி நின்றது. தொட்டுப் பார்த்தோம். கொட்டைப்பாக்கு அளவு. வலி இல்லை. வலி இல்லாததால் இரண்டு மாதம் விட்டுவிட்டோம். இதைப் படிப்பவர்கள் அப்படி விட வேண்டாம்.

திசுப் பரிசோதனை (கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்ப்பது) முடிந்து, நிணநீர்ப் புற்று என்றார்கள். உடம்பில் கிருமியை எதிர்க்கும் சுரப்பிகளில் வருவது. டாக்டர் ஒரு மலாய்ப் பெண். எங்கள் மகளுக்கு அக்கா மாதிரி இருப்பார். மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ஆறு முறை கீமோ (நரம்பு வழியாக ஏற்றும் மருந்து) கொடுக்க வேண்டும் என்றார். கேட்க ஏதாவது இருக்கிறதா என்றார். இருந்தது. இன்னும் எவ்வளவு நாள் என்ற அந்த ஒரு கேள்விதான். நானும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. கிள்ளானில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் காரை ஓட்டி வந்தேன்.

முதல் இரண்டு முறை தாங்கினாள். மூன்றாவதில் வாய்ப்புண் வந்தது. அதைவிடப் பெரிய தொல்லை வாசனை. எண்ணெய் காய்ந்தால் குமட்டினாள். கடுகு வெடித்தால் வாந்தி. நம் சமையலே தாளிப்பில்தானே தொடங்குகிறது? பூச்சோங்கிலிருந்து சனிக்கிழமைகளில் வரும் மகள் கொண்டுவரும் ரசத்தைக்கூட மூடி திறப்பதற்குள் தள்ளிவிடுவாள். கஞ்சி இரண்டு கரண்டி. அதுவும் எனக்காக.

ஐம்பத்தாறு கிலோ இருந்தவள் நாற்பத்துமூன்றுக்கு வந்தாள். இன்னும் இறங்கினால் நான்காவது கீமோவைத் தள்ளிவைக்க வேண்டிவரும், தள்ளிவைத்தால் நோய்க்கு இடம் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று டாக்டர் சொன்னார். அதற்குப் பத்து நாள் இருந்தது. ஷா ஆலமில் நான் ஸ்டோர் பார்க்கும் தொழிற்சாலையில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தேன். இருந்து என்ன செய்வது என்று தெரியவில்லை. சமையல் எனக்குத் தண்ணீர் கொதிக்க வைப்பதோடு சரி.

ஒரு மத்தியானம் பின்னறையில் படுத்திருந்தவள் கண்ணைத் திறந்து, "அது என்ன வாசம்?" என்றாள்.

நான் பயந்து ஜன்னலைச் சாத்தப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். பின்சந்துக்கு அந்தப் பக்கம் சீனரான லிம் ஆன்டியின் சமையலறை. பதினெட்டு வருஷமாக எதிர்எதிர்ப் பின்வாசல். தலையாட்டுவதைத் தவிர நான் பேசியதில்லை. எனக்குப் பேச்சு வராது.

"நல்லா இருக்கு," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஞாயித்துக்கிழம காலைல உங்க சட்டையில வருமே, கொஞ்சம் அந்த மாதிரி."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் ஆடு, கோழி, மீன் எல்லாம் உண்டு. பன்றிக்கறி மட்டும் வாசலைத் தாண்டியதில்லை. கல்யாணமான வருஷமே அவள் போட்ட சட்டம் அது. நானோ ஞாயிறு காலை பேப்பர் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, சீனர் கடையில் பாக்குத்தே, அதுதான் மூலிகை போட்டுக் கொதிக்க வைத்த பன்றி எலும்பு சூப், குடித்துவிட்டு வருவேன். இருபத்தாறு வருஷம்.

"தெரியுமா?" என்றேன்.

"பேப்பர் வாங்க ஒன்ற மணி நேரமா? எனக்கு அதுல கொஞ்சம் கொண்டாங்க."

கேட்க வெட்கப்பட்டு இரண்டு நாள் ஓட்டிவிட்டு, ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடம் கேட்க நினைத்தேன். முக்காடு போட்ட ஒருவரிடம் அந்தச் சொல்லை மலாயில் எப்படிச் சொல்வது? சூப் கொடுக்கலாமா என்றேன். என்ன சூப் என்றார். எலும்பு என்றேன். என்ன எலும்பு என்றார். நான் தரையைப் பார்த்தேன். சரசுதான் சொன்னாள். டாக்டர் சிரித்துவிட்டார். உங்கள் வழக்கத்தில் உண்டென்றால் தாராளமாகச் சாப்பிடட்டும் என்றார். ஆனால் கடையில் வாங்கக் கூடாது, வெள்ளணு (கிருமியோடு சண்டை போடும் ரத்த அணு) குறைந்திருக்கிறது. வீட்டில் நன்றாக வேக வைத்து அன்றே சூடாகக் குடிக்க வேண்டும். மூலிகைப் பொட்டலம் எதுவும் போடக் கூடாது, மருந்தோடு மோதலாம். சாறு மட்டும் போதாது, பலம் கறியில் இருக்கிறது, அதையும் சாப்பிட வேண்டும். இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.

பாசாருக்கு (சந்தைக்கு) போய் விலா எலும்பு, தாமரைக் கிழங்கு, கேரட், வெள்ளை முள்ளங்கி, இஞ்சி வாங்கினேன். சட்டத்தை முடிந்தவரை மீறக் கூடாது என்று, உள் சமையலறையைத் தொடாமல் பின்வாசலில் தனி கேஸ் அடுப்பு வைத்தேன். கத்தி, பலகை, கரண்டி எல்லாம் புதிது வாங்கினேன். பானை வாங்க மறந்துவிட்டேன். அலமாரி உச்சியில் பேப்பர் சுற்றிக் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் பானை ஒன்று கிடைத்தது. கனமான அடி. அவள் அதில் சமைத்து நான் பார்த்ததில்லை. கழுத்தைச் சுற்றி மஞ்சள் கறை இருந்தது. தேங்காய் நாரும் சோப்பும் போட்டுத் தேய்த்து வெளுக்க வைத்தேன்.

எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, பெரிய தீயில் வைத்தேன். அரை மணியில் சாம்பல் நிற நுரை பொங்கி வழிந்தது. வாடை எனக்கே பிடிக்கவில்லை. அதை வடித்துக் கொட்ட மனமும் வரவில்லை. சத்தெல்லாம் அதில் இறங்கியிருக்குமே என்று நினைத்தேன்.

"தம்பி, அந்தத் தண்ணி ஊத்து லா. அது அழுக்கு. சூப்பு இல்ல."

சந்துக்கு அந்தப் பக்கம் லிம் ஆன்டி. தமிழில். நான் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினேன். அவர் பந்திங்கில் தமிழர்கள் வேலை செய்த தோட்டத்துக்குப் பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவரின் மகளாம். சின்ன வயதில் பேசியது. "பதினெட்டு வருசம் நீ பேசல, நானும் பேசல," என்றார். அவருக்கும் கூச்சம்தான்.

அவர் சொல்லிக் கொடுத்ததை எழுதிவிடுகிறேன். எலும்பைப் பச்சைத் தண்ணீரில் தனியாகப் போட்டு ஒரு கொதி வந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். எலும்பைக் கழுவிப் புதுத் தண்ணீரில் இஞ்சி தட்டிப் போட்டு, மறுபடி கொதித்ததும் தீயைக் குறைக்க வேண்டும். தாமரைக் கிழங்கின் துளைகளில் சேறு இருக்கும். நான் ஒவ்வொரு துளையாகப் பால் போத்தல் கழுவும் பிரஷால் கழுவினேன். கிழங்கைத் தடியாக வெட்டி எலும்போடு போட வேண்டும், கேரட்டும் முள்ளங்கியும் கடைசி முக்கால் மணி நேரத்தில். கிளறக் கூடாது. உப்பு இறக்கும்போது. மொத்தம் இரண்டு மணி நேரம். தாளிப்பு கிடையாது. அதுதான் எங்களைக் காப்பாற்றியது.

முதல் நாள் நான்கு கரண்டி குடித்தாள். நான் வாந்தி வந்தால் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் பேசினோடு அரை மணி நேரம் எதிரே உட்கார்ந்திருந்தேன். வாந்தி வரவில்லை. ஒரு துண்டு கிழங்கைக் கேட்டாள். வாய்ப்புண்ணுக்குப் பயந்து கரண்டியால் மசித்துக் கொடுத்தேன். மறுநாள் ஒரு கிண்ணம், கறியோடு.

மூன்றாம் நாள் சூப் கொதித்துக்கொண்டிருந்தபோது, சுவரைப் பிடித்துக்கொண்டு அவளே பின்வாசலுக்கு நடந்து வந்தாள். அடுப்பைப் பார்த்தாள். குனிந்து பானையைப் பார்த்தாள்.

"அது பொங்கப் பானை," என்றாள்.

ஷா ஆலமில் பொங்கலுக்கு லீவு கிடையாது. வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வந்து இலையில் வைத்ததைச் சாப்பிடுவேன். அந்தப் பானையின் முகத்தை நான் எங்கே பார்த்தேன்?

"கழுத்துல மஞ்சக்கொத்து கட்டுன கறை இருந்திருக்குமே."

"தேச்சிட்டேன்."

ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தம் வர உடம்பில் தெம்பு இல்லை.

"இருபத்தாறு வருசமா வாசலுக்கு வெளியவே நிறுத்தி வச்சிருந்தேன். நீங்க நேரா பொங்கப் பானைக்குள்ளயே ஏத்திட்டீங்க."

வேறு பானை வாங்கி வரவா என்றேன். வேண்டாம் என்றாள். "முருகன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க உப்பக் கொறைங்க, நேத்து கரிச்சுது."

பத்தாம் நாள் எடைக் கருவியில் ஏறினாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாற்பத்துமூன்றரை என்று நர்ஸ் வாசித்தார். பத்து நாளில் வெறும் அரைக் கிலோ. ஆனால் இறங்கவில்லை. டாக்டர் எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சூப்?" என்றார். தலையாட்டினேன். அன்றே நான்காவது கீமோ ஏறியது. பிறகு ஐந்து, ஆறு.

சூப் நோயைக் குணப்படுத்தியது என்று நான் சொல்லவில்லை. குணப்படுத்தியது மருந்து. அந்த மருந்தை வாங்கிக்கொள்ளும் உடம்பைத் தாங்கிப் பிடிக்க ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது, எங்களுக்கு இது கிடைத்தது. உங்களுக்கு வேறு ஏதாவது கிடைக்கலாம். கேட்க வெட்கப்படாதீர்கள். நான் வெட்கப்பட்டு, இருந்த பத்து நாளில் இரண்டை வீணாக்கினேன்.

இப்போது நோய்த் தணிவு என்கிறார்கள் (நோயின் அடையாளம் தெரியவில்லை, ஆனாலும் தொடர்ந்து பார்க்க வேண்டும்). முடி முளைத்திருக்கிறது. முன்பு நேர் முடி, இப்போது சுருட்டை. சங்கிலி கழுத்தில் தட்டாமல் இறங்குகிறது. தினமும் காலையில் இரண்டு விரலால் கழுத்தைத் தடவிப் பார்க்கிறாள். முன்பு நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். இப்போது முடியும்வரை பக்கத்தில் நிற்கிறேன்.

தை பிறக்குமுன் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் புதுப் பொங்கல் பானை வாங்கினோம். பையை நான் வாங்கப் போனேன், அவள் தரவில்லை. காலியான ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு கார் வரை நடப்பது அவளுக்குப் பெரிய காரியமாக இருந்தது. எனக்கும். பழைய பானை பின்வாசலிலேயே தங்கிவிட்டது. ஞாயிறு பேப்பரை இப்போது போனில் படிக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தீயைக் குறைத்துவிட்டு நிமிர்ந்தபோது ஸ்டூலைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"இன்னும் எவ்வளவு நேரங்க?"

ஒரு காலத்தில் யாரிடமும் கேட்க எங்களுக்குத் துணிவில்லாத கேள்வி. அவள் சாதாரணமாகக் கேட்டாள், நானும் மூடியைச் சரித்து வைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னேன்.

"ரெண்டு மணி நேரம் ஆகும்."

"ஆகட்டும்," என்று காலை நீட்டிக்கொண்டாள்.