அப்பா ரிஜெக்ட் செய்த லைஃப் ஜாக்கெட்டுகள்

எங்கள் அப்பாவோடு எந்தத் துணிக்கடைக்கும் நிம்மதியாகப் போய்வர முடியாது. திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறவர். தொங்குகிற சட்டையைத் திருப்பி உள்தையலைப் பார்க்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. இந்தப் பழக்கம் கடல் தாண்டி அந்தமானுக்கும் கூடவே வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அரையாண்டு லீவில் அப்பா, அம்மா, தம்பி, நான் எல்லோரும் போயிருந்தோம். வாழைப்பழம் போல மஞ்சளாக, நீளமாக ஒரு ரப்பர் படகு உண்டல்லவா, அதில் ஏறிக் கடலில் பறக்கப் போவதாக வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டு வந்திருந்தேன். ஏறாமல் திரும்பினால் பள்ளிக்கூடத்தில் தலைகாட்ட முடியாது.

தரையில் அப்பா சிங்கம்தான். காட்டுப் பாதையில் வழிகாட்டிக்கு முன்னால் நடந்தார். வாடகை சைக்கிளில் தம்பியை வைத்துக்கொண்டு மேடு ஏறினார். தண்ணீர் என்றால் மட்டும் ஏதாவது குறை கிடைத்துவிடும். அலையாத்திக் காட்டுக்குள் துடுப்புப் படகில் போகலாம் என்றால் துடுப்பில் விரிசல். கண்ணாடிப் படகில் மீன் பார்க்கலாம் என்றால் கண்ணாடியில் கீறல். இத்தனைக்கும், சொந்த ஊரான கணியூர்த் தோட்டத்தில் சின்ன வயதில் மோட்டார் ரூம் மேலேறிக் கிணற்றில் தான் குதித்த கதையை வாரம் ஒருமுறையாவது எங்களுக்குச் சொல்கிறவர் அவர்.

கடைசி நாள் காலையில் ரப்பர் படகுக்கு வந்து சேர்ந்தோம். படகுக்காரர் ராமநாதபுரத்துக்காரர். அவர் நீட்டிய லைஃப் ஜாக்கெட்டை அப்பா திருப்பிப் போட்டு, வார் தைத்த இடத்தை இழுத்துப் பார்த்தார்.

"இதுல தையல் விட்டிருக்குதுங்க. வேற குடுங்க."

வேறு வந்தது. அதில் நூல் பிசிர். அடுத்ததில் பக்கிள் லூஸ். மணலில் ரிஜெக்ட் குவியல் வளர்ந்தது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு மானமே போயிற்று.

"அண்ணே, தெனம் அம்புட்டு சனமும் இதைப் போட்டுக்கிட்டுத்தான் போகுது. ஒண்ணும் ஆகாதுண்ணே" என்றார் படகுக்காரர்.

"அவங்க பாக்காம போறாங்க. நான் பாத்துட்டேனில்லீங்க?" என்றார் அப்பா.

நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன். அம்மா அந்தக் குவியலிலிருந்தே மூன்றை எடுத்து, எனக்கும் தம்பிக்கும் மாட்டிவிட்டுத் தானும் மாட்டிக்கொண்டாள்.

"ஏனுங்க, நீங்க இங்கயே செருப்பைப் பாத்துட்டு இருங்க. நாங்க போயிட்டு வந்தர்றோமுங்க."

அப்பா குனிந்து எங்கள் செருப்புகளைப் பொறுக்கிக் கையில் எடுத்துக்கொண்டார். வாதத்தில் தோற்றுவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

படகு பறந்தது. நான் கத்திய கத்தலில் தொண்டை கட்டிவிட்டது. கரைக்குப் பக்கத்தில் வந்ததும், அவர்கள் வழக்கப்படி எங்களை வேண்டுமென்றே கடலில் கவிழ்த்துவிட்டார்கள். உப்புத் தண்ணீர் மூக்கில் ஏற, செத்தோம் என்று நினைத்தேன். அதற்குள் ஜாக்கெட் என்னைத் தூக்கி மேலே விட்டது. பக்கத்தில் அம்மாவும் தம்பியும் மிதந்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாடா என்றிருந்தது.

கரைப்பக்கம் திரும்பினால், அப்பா பேன்ட் சட்டையோடு நெஞ்சளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். கையில் எங்கள் செருப்புகள். சட்டைப் பையில் போன். நான் கைக்கு எட்டியதும் இழுத்து அணைத்துக்கொண்டார்.

"வந்துட்டியா சாமி... வந்துட்டியா..."

"தையல் பிரியவே இல்லையேப்பா!" என்றேன், விடாமல்.

அவர் என் தோளில் இருந்த வாரைத் தடவினார். "நல்ல தையல்தான் கண்ணு" என்றார். அவர் கை வெடவெடவென்று நடுங்கியது. ரொம்ப நேரம் தண்ணீரில் நின்றதால் குளிருகிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் கணியூரில் ஒரு கல்யாணத்தில், பேச்சுவாக்கில் அத்தை போட்டு உடைத்தார். மோட்டார் ரூம் மேலிருந்து குதித்தது அத்தைதானாம். "உங்கப்பனா? கெணத்துப் படியிலகூட எறங்க மாட்டான் கண்ணு!"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் அசடு வழியச் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அந்தமான் கடல் நினைவுக்கு வந்துவிட்டது. அன்றைக்கு அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.