அவளுக்குக் கொடுத்த சுலபமான பாட்டு

எனக்குப் பாட வராது. ஆனால் அடுத்தவர் எந்த இடத்தில் சுருதி விலகுகிறார் என்பது சோற்றில் கல் கடிபட்ட மாதிரி உடனே தெரிந்துவிடும். அந்தக் காதை வைத்துக்கொண்டுதான் புதுச்சேரியில், மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் ஒரு மாடி அறையில், ஞாயிற்றுக்கிழமை தோறும் கரோக்கே வகுப்பு நடத்தினேன். வந்ததெல்லாம் பதினாலு முதல் பதினாறு வயது வரையிலான பிள்ளைகள். "கூச்சம் போனா போதும் மிஸ்" என்று பெற்றோர் கொண்டுவந்து விடுவார்கள்.

முதல் நாளே ஒவ்வொருவரையும் இரண்டு வரி பாடச் சொல்லி, அங்கேயே, எல்லார் முன்னாலும் பிரித்துவிடுவேன். குரல் இருப்பவர்கள் ஜன்னல் பக்கம். இல்லாதவர்கள் கதவுப் பக்கம். கதவுப் பக்கத்துக்குப் பாட்டுத் தேடுவதில் நான் கெட்டிக்காரி. சரணத்தில் மேலே ஏறாத பாட்டாக இருக்க வேண்டும். வரிக்கு வரி மூச்சு வாங்க இடம் வேண்டும். பல்லவி அடிக்கடி திரும்பி வர வேண்டும். ஒரு கட்டை இறக்கினாலும் கெடாமல் இருக்க வேண்டும். முக்கியமாக, ஊரே முணுமுணுக்கும் பாட்டு கூடாது, அதில் சின்னத் தப்பும் பெரிதாகக் கேட்கும். "பேசற மாதிரி பாடு, அது போதும் ஒனக்கு" என்பேன். அந்த 'ஒனக்கு' என்ற சொல்லை எப்படி அழுத்திச் சொன்னேன் என்பது இப்போதும் நினைவிருக்கிறது.

கதவுப் பக்கத்தில் ஒரு பெண் இருந்தாள். பதினைந்து வயது. அவளுடைய அத்தா நேரு வீதிப் பக்கம் துணிக்கடை வைத்திருந்தார். மேடையில் பெண் பாடுவதா என்று வீட்டில் இழுபறி நடந்து, கடைசியில் அவரே சரி என்று அனுப்பிவைத்தாராம். என்னிடம் இருந்ததிலேயே சுலபமான பாட்டை அவளுக்குக் கொடுத்தேன். ஐந்து சுரத்துக்குள் அடங்கிவிடும் பாட்டு. அதிலும் அவள் விலகினாள். விலகுவது அவளுக்குத் தெரியவும் இல்லை. ஆனால் ஒரு வாரமும் தவறவில்லை. வரிகளை நோட்டில் எழுதி, மூச்சு வாங்கும் இடத்தில் சின்னக் கோடு போட்டு வைத்திருந்தாள்.

சில மாதம் கழித்து ஒரு பள்ளிக்கூட ஹாலில் நிகழ்ச்சி வைத்தேன். பெற்றோர் எல்லாரும் வந்திருந்தார்கள். புதிதாகச் சேர்க்கலாமா என்று பார்க்க வந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் முன்னால் இவள் பாடினால் என் வகுப்பின் பெயர் என்ன ஆகும் என்ற நினைப்புதான் எனக்கு. பாடகியின் குரலோடு இருக்கும் டிராக்கும் என் லேப்டாப்பில் இருந்தது. அவள் மேடை ஏறியதும் அதை ஓடவிட்டு, மிக்ஸரில் அவளுடைய மைக்கை முழுசாக மூடினேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். ஸ்பீக்கர் சத்தத்தில் அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. கைதட்டல் பலமாக இருந்தது. இறங்கி நேரே என்னிடம் ஓடி வந்தாள்.

"மிஸ், அது என் கொரலா? நம்பவே முடியல மிஸ்!"

"ஒன் கொரல்தான்" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் அத்தாவும் மகளும் மாடி ஏறி வந்தார்கள். அவர் போனில் எடுத்த வீடியோவை என் முன்னால் ஓட்டினார். அவள் வாய் அசைய, வேறொருத்தி பாடிக்கொண்டிருந்தாள்.

"மைக்கை மூடுனீங்களா?" என்று கேட்டாள் அவள்.

"ஒன் நல்லதுக்குத்தான்."

அத்தா கோபப்படவில்லை. மெதுவாகத்தான் பேசினார். "எம்பொண்ணு கொரல் எனக்குத் தெரியும்மா. சுமாராத்தான் இருக்கும். அதைக் கேக்கத்தான் கடையைச் சாத்திட்டு வந்தேன்."

அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். எனக்கு அவமானமாக இருந்தது, அவமானம் வந்தால் எனக்கு நாக்கு நீளும். "கேட்டிருந்தா நீங்களே பாதியில எழுந்து போயிருப்பீங்க" என்று அவளை வைத்துக்கொண்டே சொன்னேன்.

அவள் அழவில்லை. அத்தாவின் முகத்தைத்தான் பார்த்தாள், எழுந்து போயிருப்பாரா என்று தேடுகிற மாதிரி. அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மகளின் தோளில் கை வைத்து, "வா, போலாம்" என்றார். இறங்கும்போது படியில் அவள் அவர் கையை விலக்கிவிட்டதை மேலிருந்து பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு விஷயம் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. ஒவ்வொருவராகத் தனியே வந்து ஒரே கேள்வி கேட்டார்கள். "எனக்கும் மூடுனீங்களா மிஸ்?" கதவுப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்டதை எதிர்பார்த்திருந்தேன். ஜன்னல் பக்கத்திலிருந்து ஒருவன் வந்தான். அந்தக் கூட்டத்திலேயே உண்மையான பாடகன் அவன் ஒருவன்தான். வில்லியனூரிலிருந்து பஸ் பிடித்து வருவான்.

"ஒனக்குத் தொறந்துதான்டா இருந்துச்சு. அத்தனையும் ஒன் கொரல்" என்றேன்.

"அவகிட்டயும் அதான சொன்னீங்க?"

நிகழ்ச்சியில் அவன் பாடியதை நான் எடுத்திருந்த வீடியோவைப் போட்டுக் காட்டினேன். எதையும் மாற்றலாம் மிஸ் என்றான். இங்கேயே பாடு, எல்லாரும் கேட்கட்டும் என்றேன். வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. அவனுக்கு வாங்கிக் கொடுத்த கைதட்டல் ஒன்றுதான் நான் நேர்மையாகச் செய்தது. அதையும் அவன் என்னிடமே விட்டுவிட்டுப் போனான். பிறகு வரவே இல்லை. இரண்டு மாதத்தில் வகுப்பை மூடினேன். இப்போது சின்னக் குழந்தைகளுக்குக் கீபோர்டு மட்டும் சொல்லித் தருகிறேன்.

போன வருஷம் கதிர்காமம் போகிற பஸ்ஸில் அவளைப் பார்த்தேன். கல்லூரி அடையாள அட்டை கழுத்தில் தொங்க, காதில் இயர்போன் மாட்டி, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்பது தெரியாமல் பாடிக்கொண்டிருந்தாள். முன் சீட்டில் ஒரு அம்மா திரும்பிச் சிரித்தார். தற்செயலாக அவள் தலையை நிமிர்த்தினாள். என்னைக் கண்டதும் வாய் பட்டென்று மூடிக்கொண்டது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

அப்போதுகூட, நிறுத்துவதற்கு முன் பாடிய கடைசி வரி கால் கட்டை இறங்கியிருந்ததை என் காது குறித்து வைத்துக்கொண்டது.